பாலக்காட்டுக்குப் போன எடை

கொக்கரப்பட்டிக்கு வழி கேட்டால் நான் சொல்வதில்லை. தெரியாமல் இல்லை. அந்த ஊருக்குள் நல்ல புத்தியோடு போகிறவர்கள் திரும்பி வரும்போது கொஞ்சம் குறைத்துத்தான் கொண்டுவருகிறார்கள். எனக்கு இருப்பதே அளவானது. வெங்காயம் வாங்கப் போன இடத்தில் பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

ஊருக்கு நடுவில் வெங்காய மண்டி. முதலாளி சுப்புரத்தினம். மூட்டை தூக்க நாலு பேர்: அழகுமலை, துரைக்கண்ணு, நடேசன், பூமாலை. ஒரு லாரிச் சரக்கை டீ ஆறுவதற்குள் இறக்கி அடுக்கிவிடுவார்கள். உடம்பு முழுக்கப் பலம். மூளை மேல் மட்டும் யாரும் எந்தச் சுமையும் ஏற்றியதில்லை, அது கடையில் வாங்கியபடி புதுசாகவே இருந்தது.

மண்டியில் எடை போடுவது முதலாளியின் மகள் கலாவதி. அழகுமலைக்கு அவள் மேல் ஆசை. அவளுக்கும் அவன் மேல் ஆசை. ஏன் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் அவளுக்கே சந்தேகம் வந்துவிடும். அழகுமலை தூரத்து உறவில் சுப்புரத்தினத்துக்கு அக்கா மகன் ஆக வேண்டும். அதனால் மண்டிக்குள் இருக்கும்வரை அவரை 'முதலாளி' என்பான், வாசலைத் தாண்டிவிட்டால் 'மாமா' என்பான். இதில் ஒரு நாளும் அவன் தவறியதில்லை. பெண் கேட்கத் துணிந்த அன்றும், ஏலம் நடத்திக்கொண்டிருந்தவரைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் ரோட்டில் நிறுத்திவிட்டுத்தான் பேசினான்.

"மாமா, கலாவை எனக்குக் கட்டிக் குடுங்க."

ஒட்டன்சத்திரத்திலிருந்து நல்ல வரன் ஒன்று வந்திருந்த நேரம் அது. சுப்புரத்தினம் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ தலைகீழா நின்னாலும் நடக்காதுடா," என்று சொல்லிவிட்டு ஏலத்துக்குப் போய்விட்டார்.

அன்று சாயந்தரம் நாலு பேரும் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தார்கள். அழகுமலை அழுதான். வெங்காய மண்டி என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"தலைகீழா நின்னாலும் நடக்காதுன்னுட்டாரே," என்றான்.

"எதை ஊனி நிக்கறதுன்னு சொன்னாரா?" என்று கேட்டான் துரைக்கண்ணு. கூட்டத்தில் சட்டம் பேசுகிறவன் அவன்தான்.

"சொல்லலையே."

"தலையை ஊனி நிக்கறதைத்தான் வேண்டாங்கறார். அது அவருக்குப் பிடிக்காது போல இருக்கு," என்றான் நடேசன். "கையை ஊனி நின்னா?"

பூமாலை ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் வாயைத் திறப்பான். அதனால் ஊரில் அவனுக்கு ஆழமான ஆள் என்று பெயர். அவன் இப்போது திறந்தான்.

"ஒத்தைக் கையா, ரெண்டு கையா?"

இந்தக் கேள்விக்கு ராத்திரி முழுக்க விடை கிடைக்காததால், விடிந்ததும் முதலாளியை மறுபடி ரோட்டுக்கு இழுத்துப் போனார்கள். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். சுப்புரத்தினத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"ஒத்தைக் கையிலயே நில்லுடா. நின்னு பம்பரமாட்டம் சுத்து. வியாபாரிகள் சங்க விழா வருதில்ல, அந்த மேடையில அத்தனை பேர் முன்னால சுத்திக் காட்டு, பொண்ணு உனக்கு. விழுந்தேன்னா மறுநாளே ஒட்டன்சத்திரத்தோட தாம்பூலம் மாத்திருவேன். போய் மூட்டையைத் தூக்குங்கடா."

விஷயம் கலாவதிக்குப் போனது. அவள் போனில் தேடிப் பார்த்து, இப்படி நின்று சுற்றுவதற்குப் பிரேக் டான்ஸ் என்று பெயர் என்பதைக் கண்டுபிடித்தாள். திண்டுக்கல்லில் அதைச் சொல்லிக்கொடுக்கும் ராபின் மாஸ்டரையும் கண்டுபிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவதாக அவர் ஒப்புக்கொண்டார். பாவம், நல்ல மனுஷர்.

மாஸ்டர் வந்து அழகுமலையைத் தலைகீழாக நிற்கச் சொன்னார். அவன் நின்ற வேகத்தில் அந்தப் பக்கமாக விழுந்து ஒரு சின்ன வெங்காயக் குவியலைப் பெரிய வெங்காயக் குவியலோடு கலந்துவிட்டான்.

"டான்ஸெல்லாம் அப்புறம். முதல்ல பலம் ஏத்தணும்," என்றார் மாஸ்டர். "மணிக்கட்டு, தோள்பட்டை, வயிறு மூணும் கெட்டியாகணும். பலம் இல்லாம சுத்தினா கை போயிரும்."

அவர் பஸ் ஏறிப் போன மறுநாளே நாலு பேரும் மூட்டை தூக்குவதை நிறுத்திவிட்டார்கள்.

"ஏண்டா நிக்கறீங்க?" என்றார் முதலாளி.

"பலம் ஏத்தறோம் முதலாளி," என்றான் துரைக்கண்ணு. "மூட்டை தூக்கினா உள்ள பலமும் செலவாயிருமே."

சுப்புரத்தினம் பக்கத்து ஊரிலிருந்து மூட்டை தூக்க ஆள் கூப்பிட வேண்டியதாயிற்று. பலம் ஏற்றுகிறவர்கள் நாலு பேரும் நிழலில் உட்கார்ந்து, பலம் இல்லாத ஆட்கள் மூட்டை தூக்குவதை இரக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு மாஸ்டர் அவர்களைக் குப்புறப் படுக்கச் சொன்னார். முழங்கையையும் கால் விரலையும் மட்டும் ஊன்றி, உடம்பைப் பலகை போல நேராகத் தூக்கி வைக்க வேண்டும்.

"வயித்தை உள்ள இழுங்க. இடுப்பு தொங்கக் கூடாது. நான் சொல்ற வரைக்கும் அப்படியே இருக்கணும்."

அந்த நேரம் பார்த்து அவர் வீட்டிலிருந்து போன். சின்ன மகன் மூக்கில் பட்டாணியைப் போட்டுக்கொண்டான் என்று மனைவி பதறினாள். மாஸ்டர் பேசிக்கொண்டே ஓடிப்போய் நின்றிருந்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

நாலு பேரும் அப்படியே இருந்தார்கள். மத்தியானம் ஆனது. விடுமுறையானாலும் கணக்கு முடிக்க வந்த வியாபாரிகள், மண்டியில் புதுசாகப் பெஞ்சு போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துத் தூக்குச்சட்டியை நடேசன் முதுகில் வைத்துச் சாப்பிட்டார்கள். நடேசன் அசையவில்லை, ரசம் என்ன ரசம் என்று மட்டும் கேட்டான். கலாவதி வந்து பார்த்துவிட்டு மாஸ்டருக்குப் போன் போட்டாள். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஸ்பீக்கர்ல போடும்மா. தம்பிகளா, போதும், எந்திரிங்கப்பா."

"எந்திரிக்காதீங்கடா," என்றான் துரைக்கண்ணு, தரையைப் பார்த்தபடி. "மாஸ்டர் சொல்ற வரைக்கும்னுதான் பேச்சு. இப்ப சொன்னது போன்."

"குரல் மாஸ்டரோடது மாதிரி இருக்கேடா," என்றான் அழகுமலை.

"கோயில்ல ரெக்கார்டு போட்டாங்கன்னா சாமியே வந்து பாடுதுன்னு சொல்லுவியா?"

மற்ற மூவரும் இடுப்பை இன்னும் கொஞ்சம் தூக்கிக்கொண்டார்கள். பட்டாணியை எடுத்த கையோடு மாஸ்டர் திரும்ப பஸ் பிடித்து வந்து நேரில் சொன்ன பிறகுதான் எழுந்தார்கள். எழுந்து, அவருக்கு நன்றி சொல்லி, அப்படியே சாய்ந்து விழுந்தார்கள். அதற்கப்புறம் மாஸ்டர் எதைச் சொன்னாலும் இரண்டு தடவை யோசித்துத்தான் சொன்னார். அப்படி யோசித்துச் சொன்னதுதான் எல்லா வினைக்கும் காரணம்.

"பாருங்கப்பா, ஒத்தைக் கையில நிக்கறதுன்னா என்ன? உன் எடையை நீயே தூக்கறது. அவ்வளவுதான். அவனவன் எடையை அவனவன் தூக்கிப் பழகுங்க."

மறுநாள் காலையில் நாலு பேரும் கலாவதியின் தராசில் வரிசையாக ஏறி நின்றார்கள். அழகுமலை எவ்வளவு எடை இருந்தானோ அவ்வளவு எடைக்குப் பெரிய வெங்காயத்தை ஒரு சாக்கில் போட்டு, வாயைச் சணலால் தைத்து, மேலே சாயத்தால் 'அழகுமலை' என்று எழுதினார்கள். மற்ற மூவருக்கும் அப்படியே. அன்று முதல் அவனவன் அவனவனைத் தூக்கிக்கொண்டு மண்டியைச் சுற்றி வந்தான். தலைக்கு மேல் தூக்கினான், ஒரு கையால் தூக்கினான், தூக்கிக்கொண்டே உட்கார்ந்து எழுந்தான்.

"அந்த மூட்டையை லாரியில போடுங்கடா," என்றார் முதலாளி ஒரு நாள்.

"இது மூட்டை இல்ல முதலாளி," என்றான் நடேசன் மரியாதையாக. "இது துரைக்கண்ணு. மூட்டை அந்தப் பக்கம் இருக்கு."

வெங்காயம் என்பது சும்மா இருக்கிற பண்டம் இல்லை. வைத்திருந்தால் காயும், காய்ந்தால் எடை குறையும். மண்டியில் பிறந்து வளர்ந்த யாருக்கும் இது தெரியும். அடுத்த வாரம் மூட்டைகளைத் தராசில் போட்டபோது நாலும் குறைந்திருந்தன. நாலு பேருக்கும் முகம் இருண்டுவிட்டது.

"நான் இளைச்சுட்டேன்டா," என்றான் அழகுமலை, சாக்கைத் தடவிக்கொண்டே.

"நீ இங்க அப்படியேதான இருக்கே?" என்றாள் கலாவதி.

"இங்க இருக்கேன் கலா. அங்க இளைச்சிருக்கேன். ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னுதான மாஸ்டர் சொன்னார்."

மூட்டை குறைந்தால் ஆளும் குறைய வேண்டும் என்று தீர்மானமானது. நாலு பேரும் பட்டினி கிடந்தார்கள். வெறும் கஞ்சித் தண்ணீர். மூட்டையின் அளவுக்கு வந்து சேர்ந்த அன்று, மாஸ்டரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. போன் மாதிரி இல்லை, இது கடுதாசிக் கணக்கு, செல்லும் என்று துரைக்கண்ணு தீர்ப்புச் சொன்னான். வாராவாரம் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், அப்போதுதான் பலம் ஏறும் என்றார். உடனே மூட்டையைப் பிரித்து வெங்காயம் சேர்த்தார்கள். மூட்டை ஏறிவிட்டதே, ஆள் ஏற வேண்டாமா? பரோட்டாக் கடைக்குப் போய் உட்கார்ந்தார்கள். மறுவாரம் வெங்காயம் காய்ந்தது, பட்டினி. அதற்கடுத்த வாரம் மாஸ்டர் கூட்டச் சொன்னார், பரோட்டா. கடைக்காரர் அவர்களைப் பார்த்ததும் முதலில் மூட்டையின் சவுகரியத்தைத்தான் விசாரித்தார்.

நடுவில் நடேசனுக்கு ஒரு சோதனை. அவன் மூட்டையின் அடியில் ஈரம் பட்டு அழுக ஆரம்பித்துவிட்டது. நாற்றம் தாங்க முடியவில்லை. அவன் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனான்.

"உடம்புக்கு என்ன?" என்றார் டாக்டர்.

"அடிப்பக்கம் அழுகுது டாக்டர்."

டாக்டர் பதறி எழுந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. நடேசன் அவரை ஆறுதலாகப் பார்த்து, ஆள் வெளியே ஆட்டோவில் இருப்பதாகச் சொன்னான்.

இத்தனைக்கும் நடுவே, எப்படி என்று கேட்காதீர்கள், அழகுமலையின் கை இரும்பாகிக்கொண்டு வந்தது. முதலில் சுவரோரம் இரண்டு கையில் நின்றான். பிறகு சுவர் இல்லாமல் நின்றான். ஒற்றைக் கைக்கு மாறும்போது மட்டும் பயம் வந்துவிடும். தொப்பென்று விழுவான். எழுந்து கலாவதியைப் பார்ப்பான். அவள் தராசைத் துடைப்பது போலக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். ஒட்டன்சத்திரத்துக்காரர்கள் தாம்பூலத் தட்டுக்குப் பழம்கூடச் சொல்லிவிட்டார்கள் என்று கேள்வி. சிரிப்புக்கு நடுவில் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள், அந்தப் பெண்ணைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

விழா நாள் வந்தது. மண்டியைக் காலி செய்துதான் மேடை போட வேண்டும். காலையில் சுப்புரத்தினம் பூமாலையைக் கூப்பிட்டார்.

"பாலக்காட்டு லாரி வந்திருக்கு. உள்ள இருக்கறதை எல்லாம் ஏத்தி அனுப்பு. ஒண்ணு மிச்சம் இருக்கக் கூடாது."

பூமாலை ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. வெங்காயம், காலிச் சாக்கு, டீக்கடைக்காரரின் ஸ்டூல், முதலாளியின் டிபன் கேரியர் எல்லாம் ஏறிப் போயின. கூடவே அழகுமலையும் போனான். சாக்கில் இருந்தவன். மற்ற மூன்று சாக்கும் தூக்கிப் பழகுவதற்காக முதல் நாளே அவரவர் வீட்டுக்குப் போயிருந்ததால் தப்பித்தன.

விஷயம் தெரிந்தபோது லாரி பொள்ளாச்சியைத் தாண்டியிருந்தது. அழகுமலை தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"என் எடை போயிருச்சேடா. இனி எதைத் தூக்குவேன்? எல்லாம் போச்சு. கலாவும் போச்சு."

கலாவதியும் அழுதாள். நடேசன் பூமாலையைத் திட்டினான். பூமாலை அன்றைக்குப் பேச வேண்டியதைக் காலையிலேயே லாரிக்காரனிடம் பேசி முடித்துவிட்டதால் சும்மா இருந்தான். துரைக்கண்ணு மட்டும் தாடையைத் தடவிக்கொண்டு மேலே பார்த்தான்.

"இருடா. உன் எடை இப்ப எங்க இருக்கு?"

"பாலக்காட்டுல."

"அப்ப இங்க எவ்வளவு இருக்கு?"

அழகுமலை யோசித்தான். "இங்க ஒண்ணும் இல்ல."

"தூக்கறதுக்கே ஒண்ணும் இல்லாதப்ப, தூக்கறது என்னடா கஷ்டம்?"

அழகுமலை மெதுவாக எழுந்தான். ஒரு காலைத் தூக்கிப் பார்த்தான், மறு காலைத் தூக்கிப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"ஆமாடா. லேசா இருக்கு."

சாயந்தரம் மேடையில் பாட்டுப் போட்டார்கள். முன்வரிசையில் சுப்புரத்தினம், அவர் பக்கத்தில் ஒட்டன்சத்திரத்துக்காரர்கள், ஓரத்தில் வேர்த்து வழிந்துகொண்டு ராபின் மாஸ்டர். அழகுமலை நடந்து வந்தான், குனிந்தான், இரண்டு கையையும் ஊன்றினான், காலை மேலே விட்டான். அப்புறம் ஒரு கையை எடுத்துவிட்டான். கலாவதி கண்ணை மூடிக்கொண்டாள். அவன் விழவில்லை. சுற்ற ஆரம்பித்தான். பம்பரமாட்டம் என்று சொன்னார் அல்லவா, அப்படியேதான் சுற்றினான். பயம் கொஞ்சமும் இல்லை. எடை இல்லாதவனுக்கு விழுகிற பயம் எதற்கு? சனம் விசில் அடித்தது. ஒட்டன்சத்திரத்து மாப்பிள்ளைப் பையனே நாற்காலி மேல் ஏறி நின்று கை தட்டினான்.

வாரக்கணக்காகத் தன் எடையைத் தூக்கிப் பழகியதால்தான் முடிந்தது என்று மாஸ்டர் பலரிடம் சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் வாங்கவில்லை.

வெங்காய ஏலத்தில் ஒரு தடவை விலையை வாய்விட்டுச் சொன்னால் சொன்னதுதான், திரும்ப வாங்க முடியாது. அத்தனை வியாபாரிகளும் சுப்புரத்தினத்தையே பார்த்தார்கள். அவர் எழுந்து மைக்கை வாங்கினார்.

"சொன்னேன், சுத்திட்டான். பொண்ணு அவனுக்குத்தான்," என்றார். சொன்ன பிறகு அவர் முகத்திலும் ஒரு சந்தோஷம் தெரிந்தது. நான் பார்த்தேன்.

கல்யாணப் பேச்சு எழுந்ததும் புதுக் கவலை ஒன்று வந்தது. பாலக்காட்டுக்குப் போன் செய்து கேட்டதில், மூட்டை கடைகடையாகப் பிரிந்து, வீடுவீடாகப் போய், சாம்பாரில் கொதித்து முடிந்துவிட்டது என்று தெரிந்தது. மாப்பிள்ளைக்கு இனி எடை இல்லை. கலாவதி அவனைத் தராசில் ஏற்றிப் பார்த்தாள். தராசு பழைய எடையையே காட்டியது.

"அது பழக்கதோஷம்," என்றான் துரைக்கண்ணு. "இத்தனை நாள் பார்த்த முகமில்லையா, பாத்ததும் அந்த நம்பரையே போடுது."

கலாவதி கொக்கரப்பட்டிப் பெண்தான் என்பதை நான் இதுவரை சொல்லாமல் விட்டது தப்பு. அவள் கொஞ்ச நேரம் தராசைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தாள், துரைக்கண்ணு சொல்வது சரிதான் என்று தலையாட்டினாள்.

முகூர்த்தத்தன்று காற்று பலமாக இருந்தது. மாப்பிள்ளை பறந்துவிடக் கூடாதே என்று நடேசன் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். துரைக்கண்ணு தோளை அழுத்திக்கொண்டிருந்தான். மேளம் கொட்ட, அழகுமலை தாலியைக் கட்டினான். அவன் முடித்ததும் கலாவதி இடுப்பில் செருகியிருந்த சாக்குச் சணலை எடுத்து, அவன் காலைப் பந்தல் தூணோடு சேர்த்து நன்றாகக் கட்டினாள்.

"இப்ப ரெண்டு பேரும் அக்கினியை வலம் வாங்கோ," என்றார் ஐயர்.

எல்லாரும் தூணைப் பார்த்தார்கள். அவிழ்த்தால் ஆள் போய்விடுவான். வலம் வராவிட்டால் கல்யாணம் முடியாது. பூமாலை வாயைத் திறந்தான்.

"தூணும் கூட வந்தா என்ன?"

நியாயமாகப் பட்டது. ஏற்றின பலம் எல்லாம் சும்மாதானே இருக்கிறது. மூன்று பேரும் தூணைக் கட்டிப் பிடித்து, ஒரே மூச்சில் பிடுங்கித் தோளில் வைத்தார்கள். பந்தல் ஒரு நொடி யோசித்தது. பிறகு கீற்று, மூங்கில், வாழைமரம், சீரியல் பல்பு எல்லாவற்றோடும் அத்தனை பேர் மேலும் வந்து படுத்துக்கொண்டது.

அப்புறம் கீற்றுக்கு அடியிலிருந்து மாப்பிள்ளையின் குரல் கேட்டது. அவ்வளவு சந்தோஷமான குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"கலா, என் எடை வந்து சேந்துருச்சு. நல்லா கனக்குது. இனிமே அவுத்து விடு."

"கொஞ்சம் பொறுங்க மாமா," என்றாள் பக்கத்திலிருந்து கலாவதி. "எல்லாருக்கும் சேத்து மொத்தமா வந்திருக்கு. தராசை எடுத்தாரச் சொல்லியிருக்கேன். அவங்கவங்களுதைப் பிரிச்சுக் குடுத்துட்டு உங்களுதை எடுத்து வைக்கறேன்."